கருங்கல்லிலும் சுண்ணாம்புக்காரைச் சுவரிலும் துளையிடல்: கருவித் தேர்வின் அடிப்படைகள்

பழங்கட்டடங்களைப் பேணும் பணியில் விளக்கு, மின்கம்பி, தாங்குகம்பி முதலியவற்றைப் பொருத்தச் சுவரில் துளையிட நேர்கிறது. அதற்குரிய கருவி பெரும்பாலும் துளையின் விட்டத்தை மட்டும் கருதியே தெரிவு செய்யப்படுகிறது. விட்டத்தினும் முதன்மையானது, துளைக்கப்படும் பொருள் எவ்வாறு உடைகிறது என்பதாகும்.

கருங்கல்

கருங்கல், குவார்ட்சு, பெல்சுபார் முதலிய கனிமப் படிகங்கள் இறுகப் பிணைந்த பாறையாகும். மோ கடினத்தன்மை அளவையில் குவார்ட்சின் மதிப்பு 7. மரத்தைச் சீவும் எஃகு அலகு இதில் சூடேறி மழுங்கிவிடும். எனவே நடைமுறையில் இரு வழிகளே உள்ளன: படிகத்தை அடித்து நொறுக்குதல், கடிய துகளால் தேய்த்தல்.

முதல் வழி கல்தச்சரின் உளியில் உள்ளது. ஒவ்வோர் அடிக்கும் உளியைச் சிறிது திருப்புவதால் துளை வட்டமாகிறது. இன்றைய சுழல் சுத்தியல் கருவியில் பிஸ்டன் காற்றை அழுத்தி அடியை உண்டாக்க, டங்ஸ்டன் கார்பைடு முனை அதனைக் கல்லுக்குக் கடத்துகிறது. கடைகளில் 'ஹேமர் டிரில்' என்னும் அதே பெயரில் விற்கப்படும் மற்றொரு வகையோ, பல்லமைந்த இரு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று தாவுவதால் எழும் அதிர்வை மட்டுமே தரும். அதன் அடி பணியாளர் தள்ளும் விசையைச் சார்ந்தது. செங்கல்லுக்கு அது போதும். கருங்கல்லில் வீண் உழைப்பே.

தேய்க்கும் வழியும் பழமையானது. பண்டைய எகிப்தியர் செப்புக்குழாயின் அடியில் மணலை இட்டுச் சுழற்றிக் கருங்கல்லைத் துளைத்தனர். செம்பு கல்லினும் மென்மையானது. கல்லை அறுத்தது மணல். வைரத்துகள் பதித்த இன்றைய குழல் அலகும் இம்முறையிலேயே இயங்குகிறது. அது அடிப்பதில்லையாதலால் கல்லின் விளிம்பருகில் இதுவே தக்கது. செதுக்குவேலை அமைந்த கல்லில் எக்கருவியாலும் துளையிடாமையே நன்று.

சுண்ணாம்புக்காரைச் சுவர்

இங்குச் சிக்கல் நேர்மாறானது. சுண்ணாம்புக்காரை மென்மையானது, அடியின் அதிர்வு செங்கல்லுக்கும் காரைக்கும் இடையேயான பிணைப்பைத் தளர்த்தும், அலகு மறுபக்கம் வெளிப்படும்போது பூச்சு பெயர்ந்து விழும். எனவே சுத்தியல் இயக்கத்தை நிறுத்திச் சுழற்சியால் மட்டும் துளைக்க வேண்டும். துளையைச் செங்கல்லில் அன்றிக் காரை இணைப்பில் இடுவது மரபுப் பாதுகாப்பு நோக்கில் ஏற்புடையது. காரையைப் புதிதாக நிரப்பலாம், பிளந்த பழஞ்செங்கல்லை மீட்க இயலாது. ஆயினும் இணைப்பில் பிடிப்புக் குறைவு. பெரும்பாரம் தாங்கவேண்டிய இடத்தில் இவ்விதி பொருந்தாது. அங்குப் பாரத்தைச் சுவரிலிருந்தே விலக்குவது குறித்து முதலில் எண்ணவேண்டும்.

தூசு

வைர அலகைக் குளிர்விக்கும் நீர் தூசையும் அடக்குகிறது. ஆனால் அந்நீர் பழஞ்சுவரில் ஊறினால் உள்ளிருக்கும் உப்புகள் கரைந்து மேற்பரப்பில் படிந்து பூச்சை உதிர்க்கும். அத்தகைய சுவரில் உலர்நிலையில் துளைத்து, தூசைத் துளையின் வாயிலேயே உறிஞ்சியால் இழுப்பது தக்கது. வேலையிடங்களில் சுவாசிக்கப்படும் படிகச் சிலிக்காத் தூசைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் முதற்பிரிவுப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது. பசையிட்டு ஆணி பதிக்குமுன் துளையைத் தூய்மை செய்தல் கட்டாயம். அதனை வாயால் ஊதிச் செய்யும் வழக்கம் அத்தூசைப் பணியாளரின் முகத்திற்கே திருப்புகிறது. தூரிகையும் உறிஞ்சியும் அப்பணிக்குப் போதுமானவை.