துட்டும் பணமும்

வடமராட்சியிலுள்ள நெல்லியடி, யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் தெருவும் கொடிகாமத்துத் தெருவும் கூடுகின்ற சந்தியாகும். அங்குள்ள சந்தையில் இன்று எல்லாக் கணக்கும் ரூபாயிலேயே நடைபெறுகின்றது. ‘துட்டு’ என்று சொல்லி அங்கே ஒருவர் விலை கேட்பாராயின், அதனை வேடிக்கைப் பேச்சென்றே மற்றவர் கொள்வர். ஆயினும் ஒருகாலத்தில் அஃது எண்ணிக் கொடுக்கத்தக்க ஒரு நாணயத்தின் பெயராகவே வழங்கிற்று.

துட்டு என்பது தமிழில் தோன்றிய சொல்லன்று. ஒல்லாந்தர் தம் நாட்டிலே வழங்கிய சிறிய செப்புக் காசினை ‘டொய்ற்’ என்று அழைத்தனர். அவர்கள் 1658ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றி, 1795ஆம் ஆண்டு வரை இப்பகுதியை ஆண்டனர். ‘கந்தோர்’ முதலிய சொற்களைப் போலவே இக்காசின் பெயரும் தமிழர் நாவுக்கேற்பத் திரிந்து துட்டு என நிலைபெற்றது. காசின் ஒரு பக்கத்தில் ஒல்லாந்த கிழக்கிந்திய வாணிபக் கழகத்தின் மூன்றெழுத்து முத்திரையும் ஆண்டும், மறுபக்கத்தில் அதனை அச்சிட்ட மாகாணத்தின் சின்னமும் காணப்படும்.

இக்காசின் மதிப்பிலே கருதத்தக்க ஒரு செய்தியுண்டு. ஒல்லாந்து நாட்டில் எட்டுத் துட்டுகள் சேர்ந்து ‘ஸ்துய்வர்’ என்னும் நாணயம் ஒன்றாயின. இலங்கையிலோ நான்கு துட்டுகளே ஒரு ஸ்துய்வராக மதிக்கப்பட்டன. ஒரே செப்புத் துண்டு கடல் கடந்தவுடன் இருமடங்கு மதிப்புப் பெற்றது. இவ்வேற்றுமையால் ஆதாயம் அடைந்தது காசினைக் கொண்டுவந்த கழகமே என்பது சொல்லாமலே விளங்கும்.

ஸ்துய்வருக்கு மேற்பட்டது ‘பணம்’. இச்சொல் இன்று செல்வம் முழுவதையும் குறிக்கின்றது. அக்காலத்திலோ அது தனியொரு நாணயத்தின் பெயராகவும் நின்றது. நான்கு ஸ்துய்வர் ஒரு பணம். பன்னிரண்டு பணம் ஒரு றிக்ஸ் டொலர். ஆகவே ஒரு பணத்துக்குப் பதினாறு துட்டும், ஒரு றிக்ஸ் டொலருக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு துட்டும் கணக்காகும்.

ஆங்கிலேயர் ஆட்சியைக் கைக்கொண்ட பின்னரும் இவ்வாய்பாடு உடனே மறைந்துவிடவில்லை. அவர்களும் யானை உருவம் பொறித்த காசுகளை றிக்ஸ் டொலர்க் கணக்கிலேயே வெளியிட்டனர். 1825ஆம் ஆண்டில் ஆங்கில நாணயம் இலங்கையிற் சட்டபூர்வமாக்கப்பட்டபோது, ஒரு றிக்ஸ் டொலர் ஒன்றரைச் சிலிங்குக்குச் சமம் என வரையறுக்கப்பட்டது. அதன்படி ஒரு பணம் ஒன்றரைப் பெனி ஆயிற்று. ஒன்றரைப் பெனி மதிப்புள்ள வெள்ளிக்காசு 1834ஆம் ஆண்டு முதல் அச்சிடப்பட்டுக் குடியேற்ற நாடுகளில் வழங்கியது. பெனியில் எட்டிலொரு பங்காகிய அரைப் பாதிங் 1828இலும், பதினாறிலொரு பங்காகிய காற்பாதிங் 1839இலும் இலங்கைக்கென்றே வெளிவந்தன. கீரைக்கட்டு வாங்குவோருக்கும் விற்போருக்கும் அத்துணைச் சிறு காசு வேண்டியிருந்தது. துட்டு நிறைவேற்றிய தொழிலை இவையே ஏற்றன.

1872ஆம் ஆண்டு தொடக்கம் நூறு சதம் கொண்ட ரூபாய் இலங்கையின் கணக்கு நாணயமாயிற்று. ஒரு ரூபாய் இரண்டு சிலிங்குக்கு ஈடாகக் கொள்ளப்பட்டமையால், பழைய றிக்ஸ் டொலர் எழுபத்தைந்து சதமாகவும், பணம் ஆறேகாற் சதமாகவும் கணிக்கப்பட்டன. நாளடைவிற் சதம் பெருகத் துட்டு அருகியது.

இக்கணக்கை அறிவதாற் பயன் என்னை? யாழ்ப்பாணத்தாரின் வழக்கங்களை ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில், 1707ஆம் ஆண்டளவில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தொகுத்தார். அத்தொகுப்பே 1806ஆம் ஆண்டிற் சட்டவலுப் பெற்ற தேசவழமையாகும். சீதனம், ஒற்றி, காணி விற்பனை முதலியன அதன் உயிர்நாடி. இவை பற்றிய பழைய எழுத்துக்களில் ‘நூறு பணம்’ எனக் காண்போர், அதனை நூறு ரூபாய் என்று கொள்வாராயின் பெரும்பிழை நேரும். 1825ஆம் ஆண்டின் வரையறைப்படி நூறு பணம் எட்டு றிக்ஸ் டொலரும் நான்கு பணமும் ஆகும். அதாவது ஆறு ரூபாய் இருபத்தைந்து சதம். பதினாறு மடங்கு வேறுபாடு! ஒரு குடும்பம் தன் மகளுக்குக் கொடுத்த சீதனம் பெரிதோ சிறிதோ, ஒற்றி வைத்த காணிக்குப் பெற்ற தொகை தக்கதோ தகாததோ என்பவற்றை ஆராய்வோர் இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

இன்னுமொன்று. இவ்வாய்பாட்டை எல்லாக் காலத்துக்கும் ஒன்றுபோலப் பொருத்துதலும் கூடாது. ஒல்லாந்தர் தம் ஆட்சியின் இறுதியில் கடதாசி நாணயம் வெளியிட்டனர். றிக்ஸ் டொலரின் மதிப்பு பின்னர் வீழ்ச்சியுற்றது. ஆகவே ஆவணத்திலுள்ள தொகையைப் படிக்குமுன் அதன் ஆண்டைப் படித்தல் வேண்டும். அதே ஆண்டுகளில் கூலியும் நெல்லும் என்ன விலை பெற்றன என்பதோடு ஒப்பிட்டாலே அத்தொகையின் உண்மைப் பெறுமதி புலப்படும்.

காசு மறைந்தாலும் சொல் பல நாடுகளில் வாழ்கின்றது. தமிழகத்தில் ‘துட்டு’ என்பது பேச்சுவழக்கிற் பொதுவாகப் பணத்தையே குறிக்கும். பழவேற்காடு, நாகப்பட்டினம், தூத்துக்குடி ஆகிய துறைமுகங்களில் ஒல்லாந்தர் நெடுங்காலம் வாணிபம் செய்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. மலாய் மொழியிலும் இந்தோனேசியாவிலும் ‘டுவிட்’ என்றால் பணம். சிங்களத்தில் மதிப்பற்ற பொருளை ‘துட்டு தெகே’, அதாவது இரண்டு துட்டுப் பெறுவது, என்று இகழ்வர். ஆங்கிலத்திலும் இச்சொல் அற்பத் தொகையைக் குறித்தது. சேக்ஸ்பியரின் நாடகங்களிலும் அப்பொருளில் வந்துள்ளது.

ஒரே செப்புக்காசு ஓரிடத்திற் செல்வத்துக்குப் பெயராயிற்று; மற்றோரிடத்தில் அற்பத்துக்குப் பெயராயிற்று. எளியவன் கையில் இருந்தது அஃதொன்றே. வணிகன் கணக்கில் எண்ணப்படாது போனதும் அஃதே. அதனால் இரு பொருளும் அச்சொல்லுக்குப் பொருந்துவனவாகவே உள்ளன.