கிளம்பாத எஞ்சினும் ஈதர் டப்பாவும்

குடகு நாட்டின் காப்பித் தோட்டங்களில் ஆடி மாதத்து மழையை அனுபவித்த நேயர்களுக்கு அதைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. அத்தகைய மழைக்காலத்துக் காலையொன்றில், லயன் வீடுகளுக்குச் செல்லும் பாதையின் குறுக்கே பெரிய சில்வர் ஓக் மரமொன்று சாய்ந்து கிடந்தது. தோட்டத்துக் கிடங்கிலிருந்து மரம் அறுக்கும் பழைய மெஷின், அதாவது சங்கிலி ரம்பம், கொண்டுவரப்பட்டது. கயிற்றை இழுத்து இழுத்து மூவர் ஓய்ந்தனர். அப்பொழுது தருமபுரிப் பக்கத்து இளைஞர் ஒருவர், "அண்ணே, இதிலே ஒரு அடி அடிச்சா கிளம்பிடும்" என்று சொல்லி, ஜீப்பிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தார். காற்று வடிகட்டி நனைந்து சொட்டும் அளவுக்கு அதனைப் பீச்சிவிட்டுக் கயிற்றை இழுத்தார். எஞ்சின் ஒருமுறை பின்னோக்கி வெடித்தது. வடிகட்டியில் பற்றிய தீ அவருடைய முன்கையைச் சுட்டது. மேஸ்திரி ஈரச் சாக்கைப் போர்த்தி அணைத்தார். அந்தக் கை ஆற ஆறு வாரமாயிற்று. தினக்கூலிக்காரருக்கு ஆறு வாரம் என்பது என்ன என்று நேயர்கள் அறிவார்கள். நாம் அருகிலேயே நின்றிருந்தோம். தடுக்கவில்லை, ஏனெனில் அதே வித்தையை நாமும் பலமுறை செய்து தப்பியவர்களே.

அந்த டப்பாவில் இருப்பது ஈதர் என்னும் திரவம். 1846-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அறுவைச் சிகிச்சையின்போது நோயாளியை மயக்குவதற்கு மார்ட்டன் என்னும் பல் வைத்தியர் பயன்படுத்திக் காட்டிய அதே ஈதர்தான் இது. ஆகவே மூடிய அறையில் இதனைப் பீச்சுகிறவர்களுக்குத் தலை சுற்றுவதில் வியப்பில்லை. இதனுடன் எளிதில் ஆவியாகும் வேறு சில எண்ணெய்ப் பொருள்களும், பீச்சி வெளித்தள்ளுவதற்கான வாயுவும் சேர்க்கப்பட்டிருக்கும்.

ஈதர் 34.6 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். நமது கோடைக்கால நிழலின் வெப்பமே அதற்குப் போதும். பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் தீப்பற்றும். ஈதர் ஆவியோ 2 சதவீதத்திலும் பற்றும், 36 சதவீதத்திலும் பற்றும். பெட்ரோல் தானே பற்றுவதற்கு 250 டிகிரிக்கு மேற்பட்ட சூடு வேண்டும். ஈதருக்கு 170 டிகிரி அளவே போதுமானது. அதன் ஆவி காற்றைப்போல் இரண்டரை மடங்கு கனமுள்ளதாகையால் மேலே பறந்து போவதில்லை. தரையோடு தவழ்ந்து சென்று, பத்தடி தூரத்தில் எரியும் அடுப்பையோ பீடியையோ தேடிப் பிடிக்கிறது. குளிரில் மரத்துப்போன எஞ்சினை எழுப்பும் ஆற்றலும், கையைச் சுடும் கொடுமையும் இந்த ஒரே குணத்திலிருந்து பிறப்பவை.

இது கடுங்குளிர் நாடுகளின் தேவைக்காகப் புகழ் பெற்ற பொருள். பெட்ரோல் ஆவியாக மறுக்கும் உறைபனியில் இதற்கு நியாயம் உண்டு. மடிக்கேரியிலோ மூணாற்றிலோ, ஏன், தில்லியின் தை மாதத்து விடியலிலோகூட, நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் எஞ்சின் ஈதரின்றிக் கிளம்பியே தீர வேண்டும். கிளம்பவில்லையெனில் குற்றம் குளிரினுடையதன்று; எஞ்சினுக்குள் ஏதோ பழுது இருக்கிறது என்பதே நமது துணிபு.

சங்கிலி ரம்பத்தில் இன்னொரு தனிச் சங்கடமும் உண்டு. அது இரண்டு வீச்சு எஞ்சின். மோட்டார் காரில் இருப்பது போல எண்ணெய்த் தொட்டி ஒன்று அடியில் இல்லை. பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிறோமே, அந்த டூ-டி ஆயில்தான் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் பேரிங்குகளுக்கும் ஒரே மசகு. ஈதரில் பொதுவாக அந்த மசகு கிடையாது, இருந்தாலும் அற்பமே. உள்ளே சென்ற ஈதர், சிலிண்டர்ச் சுவரில் படிந்திருந்த எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுகிறது. அடுத்த கணம் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகளில் உலோகம் உலோகத்தோடு வறட்சியாக உராய்கிறது. இவ்வாறு பத்து நாள் கிளம்பிய ரம்பம், பதினோராம் நாள் பிஸ்டனில் கீறல் விழுந்து அமுக்கம் இழந்து நிற்கும். "ஈதருக்குப் பழகிவிட்டது, அதில்லாமல் எழாது" என்று சொல்வார்கள். பழகவில்லை, தேய்ந்துவிட்டது.

ஆகவே ரம்பத்திற்கு ஈதர் வேண்டாம் என்பதே எம் கட்சி. அதற்குப் பதிலாகச் செய்யத்தக்கது மிகவும் எளிது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுந்து மூழ்கியிருக்கிறது. நிறுத்தும் விசையை அணைத்து, சோக்கைத் திறந்து, பிளக் இல்லாமலே கயிற்றைப் பத்துமுறை இழுத்தால் உள்ளே தேங்கியது வெளியேறும். பிளக்கைத் துடைத்து உலர்த்தி மாட்டுங்கள். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று பொருள். அப்பொழுது அந்த ரம்பத்துக்குரிய ஆயில் கலந்த பெட்ரோலையே அரைத் தேக்கரண்டி பிளக் துளை வழியே விட்டு, பிளக்கை மாட்டிக் கயிற்றை இழுக்கலாம். இரண்டு வினாடி உறுமி நின்றுவிட்டால், தீப்பொறியில் குறையில்லை. அடைபட்ட கார்புரேட்டரோ, விறைத்துப்போன அதன் ரப்பர்ச் சவ்வோ, வெடித்த குழாயோ, தொட்டிக்குள் இருக்கும் சிறு வடிகட்டியோதான் காரணம். ஈதர் சொல்லும் சேதியையே இதுவும் சொல்கிறது, மசகோடு சேர்த்து! துளைக்கருகே பிளக்கைப் பிடித்துக்கொண்டு பொறி வருகிறதா என்று பார்க்கும் வழக்கம் மட்டும் கூடவே கூடாது. கயிறு கைக்கு எதிர்ப்பே காட்டாமல் தளர்ந்து வருமாயின் அமுக்கம் போயிற்று. எந்தத் திரவமும் அதைத் திருப்பித் தராது.

பழைய பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-இல் பத்து சதவீதத்தையும், 2025-இல் இருபது சதவீதத்தையும் எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும்; பழங்கால எஞ்சின்களின் ரப்பர்க் குழாய்களை அது கெடுக்கவும் கூடும். சென்ற பருவத்தில் மிஞ்சியதைத் தொட்டியிலேயே விட்டுவைத்து, மழை வந்தபின் கயிற்றை இழுப்பவர்கள் எஞ்சினைத் திட்டுவதில் பயனில்லை. வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, அது தானே நிற்கும்வரை ஓடவிடுவது நன்று. ஆயில் அளவும் மெஷினுக்கு மெஷின் மாறும். ஐம்பதுக்கு ஒன்று எனில் லிட்டருக்கு 20 மில்லி, இருபத்தைந்துக்கு ஒன்று எனில் 40 மில்லி.

டீசல் எஞ்சின் விஷயம் வேறு, அபாயமும் பெரிது. திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்டு மத்தியப் பிரதேசம், ராஜஸ்தானம் என்று ஊர் ஊராகச் செல்லும் ஆழ்துளைக் கிணற்று லாரிகளின் தமிழ்த் தொழிலாளர்கள் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. அமுக்கத்தின் சூட்டிலேயே எரிபொருள் பற்றுகிறது. குளோ பிளக்கோ, காற்றைச் சூடாக்கும் கம்பிச் சுருளோ பொருத்திய எஞ்சினுக்குள் ஈதரைப் பீச்சினால், அது சிலிண்டரை அடையுமுன்பே குழாயிலேயே வெடிக்கக்கூடும். பிஸ்டன் மேலேறி முடிப்பதற்கு முன்பே பற்றினாலோ, எஞ்சின் திரும்பி உதைக்கும். கைப்பிடியால் சுற்றும் பழைய பம்புசெட்டில் அந்த உதை மணிக்கட்டை முறிக்க வல்லது. அதனால்தான் அனுபவசாலிகள் கைப்பிடியைக் கட்டைவிரலால் வளைத்துப் பிடிக்காமல், நான்கு விரல்களின் பக்கமாகவே கட்டைவிரலையும் ஒதுக்கி வைப்பார்கள்.

நான்கு வீச்சுப் பெட்ரோல் எஞ்சினில், தயாரிப்பாளரின் குறிப்பு தடுக்காவிட்டால், எப்போதேனும் ஈதரைப் பயன்படுத்த நேரலாம். அவ்வாறு நேரின் திறந்த வெளியில், எஞ்சின் முற்றும் ஆறியிருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும். காற்று நுழையும் வாயில் ஒரு வினாடிக்கு மேல் பீச்சலாகாது. வடிகட்டியை நனைக்கவும் கூடாது. டப்பாவைத் தூரத்தில் வைத்து, வடிகட்டி மூடியைத் திரும்ப மாட்டிய பிறகே கயிற்றைத் தொட வேண்டும். முகத்தை வாயிலுக்கு நேரே வைக்க வேண்டாம். இருமுறை முயன்றும் எழாவிட்டால் மூன்றாம் முறை வேண்டாம். மெக்கானிக்கிடம் கொண்டு செல்லுங்கள்.

கை சுட்டுவிட்டால் குழாயடியில் ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் வைத்திருங்கள். அன்று நம் இளைஞருக்கு யாரோ பரிவோடு பற்பசையைத் தடவினார்கள். பின்னர் மருத்துவமனையில் அதைக் கழுவி எடுக்கும்போதுதான் அவர் வாய்விட்டு அலறினார்.

டப்பாவை வெயிலில் நிற்கும் ஜீப்பிலோ சமையலறையிலோ வைக்கலாகாது. பொங்கலுக்கு ஊர் திரும்பும்போது, அப்பாவின் பம்புசெட்டுக்கு உதவுமே என்று ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொள்ளும் அன்பர்களையும் நாம் கண்டிருக்கிறோம். தீப்பற்றக்கூடிய அபாயப் பொருள்களை ரயிலில் கொண்டுசெல்வதை 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் தடுக்கிறது. மீறுவோருக்குச் சிறைத் தண்டனையும் உண்டு. ஓடும் வண்டியில், இருக்கைக்கு அடியில், தரையோடு தவழும் அந்த ஆவியை எண்ணிப் பார்த்தால், சட்டம் இல்லாவிட்டாலும் நாம் அதை எடுத்துச் செல்ல மாட்டோம். அப்பாவுக்கு ஒரு புதிய பிளக்கும் வடிகட்டியும் வாங்கிச் செல்லுங்கள்.