கேமராவை ஒப்பிடும் முன் பில்லைப் பாருங்கள்

“பில் போட்டா ஒரு ரேட்டு, போடாட்டி ஒரு ரேட்டு. எது வேணும் தம்பி?”

சென்னையில் கேமரா வாங்கப் போனவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சென்னைக்கு வடக்கே வள்ளூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கத்து இளைஞர்கள் பலருக்கு இது நன்றாகவே பழக்கம். வாரநாளில் அனல் மின் நிலையத்திலோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ ஒப்பந்த வேலை, முகூர்த்த நாளில் கல்யாண வீடியோ என்று ஓடுகிறவர்கள் அவர்கள். சீட்டு எடுத்த பணத்தோடு அத்திப்பட்டு புதுநகரில் மின்சார ரயில் ஏறி, ரிச்சி தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் எந்த மாடலில் 4கே எப்படி, எதில் ஃபோகஸ் வேகம் என்று தலைகீழாக ஒப்பித்துவிடுவார்கள். பில் விஷயத்தில்தான் சறுக்குகிறார்கள்.

மிரர்லெஸ் கேமரா வாங்கும்போது மாடலை ஒப்பிடுவதைப் போலவே வாங்கும் வழியையும் ஒப்பிட வேண்டும். அதற்கான கணக்கு இது.

பெட்டிக்குள் இருப்பது

2008-ல் பானசோனிக் ஜி1 வந்தபோது, லென்ஸ் மாற்றும் கேமராக்களுக்குள் இருந்த கண்ணாடி முதன்முதலாக வெளியேறியது. உடம்பு சிறுத்தது, எடை குறைந்தது. கூடவே ஒரு தொல்லையும் வந்தது. லென்ஸைக் கழற்றினால் பெரும்பாலான மாடல்களில் சென்சார் அப்படியே திறந்து கிடக்கும். 1,500 மெகாவாட் அனல் மின் நிலையம் இருக்கும் வள்ளூரில் இது சாதாரண விஷயமல்ல. மொட்டை மாடியில் காயும் துணியைத் தட்டினால் சாம்பல் பறக்கிற ஊரில், திறந்த வெளியில் லென்ஸ் மாற்றினால் அந்தச் சாம்பல் சென்சாரில்தான் போய் உட்காரும். கேமராவின் வாயைத் தரையைப் பார்க்கப் பிடித்து, உள்ளறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். எண்ணூர் முகத்துவாரத்தின் ஈரக் காற்று லென்ஸில் பூஞ்சை பிடிக்கவைக்கும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வைப்பது குறைந்த செலவில் ஆகிற பாதுகாப்பு. தூசி, ஈரம், பூஞ்சையால் வரும் சேதத்தை வாரண்டி பொதுவாக ஏற்பதில்லை என்பதால் இந்தக் கவனம் உங்கள் பொறுப்பு.

மாடல்களுக்கு வருவோம். தொடக்க நிலையில் அதிகம் பேசப்படுபவை சோனி இசட்வி-இ10 (2021), நிகான் இசட்30 (2022), கேனான் ஆர்50 (2023). மூன்றிலும் 4கே வினாடிக்கு 30 பிரேம் வரை கிடைக்கும். ஆனால் சோனியில் 30 பிரேம் வைத்தால் படம் 1.23 மடங்கு வெட்டுப்படும். 16 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 20 மி.மீ. போலப் பார்க்கும். மண்டபத்தில் இது பெரிதாகத் தெரியாது. மீஞ்சூரில் ஒரு சின்ன வீட்டு ஹாலில் வளைகாப்பு எடுக்கும்போது முதுகு சுவரில் முட்டியபின் தெரியும். கேனானிலும் நிகானிலும் அந்த வெட்டு இல்லை. அதே சமயம், ஒலியைக் கேட்டுப் பார்க்க ஹெட்போன் குத்தும் துளை சோனியில் உண்டு, மற்ற இரண்டிலும் இல்லை. மேளச் சத்தத்துக்கு நடுவே மைக் வேலை செய்கிறதா என்று தெரியாமல் தாலி கட்டும் நேரத்தைத் தாண்டுவது எவ்வளவு பெரிய அபாயம் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். சென்சாரே அசைந்து நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி மூன்றிலும் கிடையாது. நடந்துகொண்டே எடுப்பதென்றால் கிம்பலுக்கும் பணம் ஒதுக்குங்கள்.

அடுத்தது சூடு. 2020-ல் கேனான் ஆர்5 வந்தபோது 8கே பதிவில் சூடேறி நின்றுபோகிறது என்று உலகம் முழுக்கப் பேச்சானது. விலை உயர்ந்த கேமராவுக்கே அந்தக் கதி என்றால், மே மாத முகூர்த்தத்தில் ஃபோகஸ் விளக்கு வெப்பத்தில் சின்ன உடம்பு என்ன செய்யும்? பானசோனிக் எஸ்5-ன் இரண்டாம் பதிப்பு (2023) உள்ளேயே விசிறியோடும் இரண்டு கார்டு இடங்களோடும் வருவதற்குக் காரணம் உண்டு. கடையிலேயே 4கே வைத்து அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். “எதுக்கு சார்?” என்று முகம் சுளிக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

இன்னொரு சின்னக் கணக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வள்ளூர் டர்பைன் சுழல்வது அந்தத் தாளத்தில், மண்டபத்து ட்யூப் லைட் துடிப்பது அதன் இரு மடங்கில். வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 50-ல் ஒரு பங்கு என்று வைத்தால் விளக்கு மினுக்காது. இதையெல்லாம் வைக்க மெனு புரிய வேண்டும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த சில கேமராக்கள் நம்மூர்க் கடைகளுக்கு ‘இம்போர்ட்டட் பீஸ்’ என்று வருகின்றன. அவற்றில் சிலவற்றின் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும், மாற்றவும் முடியாது. விலை குறைந்ததன் காரணம் வீட்டுக்கு வந்து ஆன் செய்யும்போதுதான் புரியும்.

உதிரிகளில் நடக்கும் ஏமாற்று

கேமராவில் ஏமாறுகிறவர்களைவிடக் கார்டிலும் பேட்டரியிலும் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் நானும் ஒருவன். நடைபாதையில் மலிவாகக் கிடைத்த 128 ஜிபி கார்டோடு தங்கை மகள் காதுகுத்துக்குப் போனேன். மொட்டையடித்தது வரை இருந்தது. மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தியது கோப்பாக இருக்கிறது, திறக்கவில்லை. உள்ளே இருந்தது சின்னக் கார்டு, மேலே ஒட்டியிருந்தது பெரிய எண். “என்னண்ணே, இவ்வளவு பெரிய கேமரா வச்சிட்டு…” என்று தங்கை பாதியில் நிறுத்திக்கொண்டாள். இன்றுவரை அந்த வாக்கியம் பாதியில்தான் நிற்கிறது.

வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். 64 ஜிபி கார்டு ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத் தாங்கும். கார்டில் ‘வி30’ என்றிருந்தால் வினாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்று பொருள். இந்த வேலைக்கு 12.5 மெகாபைட்தான் தேவை. ஆகவே வி90-க்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை, உண்மையான வி30 போதும். வாங்கிய அன்றே ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ போன்ற இலவச மென்பொருளால் கார்டு முழுவதையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள்.

பேட்டரியிலும் இதே கதைதான். சோனி இசட்வி-இ10-க்கான அசல் பேட்டரி 1,020 எம்ஏஎச். அதே அளவுக் கூட்டுக்குள் 2,000-க்கு மேல் அச்சடித்து விற்றால் மை மட்டுமே கூடுதல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரிக்கும் சார்ஜருக்கும் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. பொருளின் மேல் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் யார் தயாரித்தது என்று வந்துவிடும். வராவிட்டால் அதைத் தலைமாட்டில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, உற்பத்தியான நாடு, மாதம்-ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும் என்று 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள் சொல்கின்றன. அந்த ஸ்டிக்கர் இல்லாத பெட்டி முறையான வழியில் வந்ததா என்று சந்தேகப்பட வேண்டியதுதான். ‘கடை வாரண்டி’ என்றால் கடைக்காரர் இருக்கும்வரை, அவர் மனம் இருக்கும்வரை. கம்பெனி வாரண்டி வேண்டுமென்றால் பெட்டியிலும் கேமராவின் அடியிலும் பில்லிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்க வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் கம்பெனியின் இந்திய வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் போட்டு, அந்தச் சீரியலுக்கு இங்கே வாரண்டி உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பதிவான கடை என்றால் அது 33-ல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் கடையின் பெயர் தெரியும். டிஜிட்டல் கேமராவுக்கு 2019 ஜனவரி முதல் வரி 18 சதவீதம். 80,000 ரூபாய் கேமராவுக்கு 14,400 ரூபாய். பில் வேண்டாம் என்று சொல்லி நீங்கள் மிச்சம் பிடிப்பது அதிகம் போனால் அவ்வளவுதான். அதற்கு ஈடாக வாரண்டியையும் வழக்குப் போடும் வலுவையும் கொடுத்துவிடுகிறீர்கள். திருட்டுப் போனால் காவல் நிலையத்தில் ‘என்னுடையது’ என்று காட்டக்கூடக் காகிதம் இருக்காது.

பழைய கேமரா வாங்குவதானால் முதல் உரிமையாளரின் பில்லைக் கேளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ம் பிரிவில் குற்றம். முகம் தெரியாதவர் “அட்வான்ஸ் போடுங்க, கூரியர்ல அனுப்புறேன்” என்றால் போடாதீர்கள். போட்டு ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோரா?

கடைக்காரரின் வக்கீல் முதலில் எடுக்கும் ஆயுதம் இது: “இவர் கல்யாண வீடியோ எடுத்துச் சம்பாதிக்கிறார். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே அல்ல.” 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவே இதற்குப் பதில் சொல்கிறது. சுயவேலை செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கமாகாது.

இதன் எல்லையை விளக்கிய தீர்ப்பில் நம் கோயம்புத்தூருக்குப் பங்குண்டு. அங்கிருக்கும் பிஎஸ்ஜி தொழிற்கூடத்திடம் இயந்திரம் வாங்கிய லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்தது. வாங்கியவர் தோற்றார், அவருடையது வணிக நோக்கம் என்றானது. ஆனால் அதே தீர்ப்பு சின்னத் தொழிலாளிகளுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தது. டைப்ரைட்டர் வாங்கித் தானே தட்டச்சு செய்து பிழைப்பவர் நுகர்வோர்தான். ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவரும் அப்படியே. முழுக்க வேறொருவர் ஓட்டுவதற்கென்று வாங்கினால் அல்ல. இதைக் கேமராவுக்குப் பொருத்திப் பாருங்கள். கேமராவை நீங்களே தோளில் தூக்கினால் சட்டம் உங்கள் பக்கம். நாலு கேமரா வாங்கி ஆள் வைத்து நடத்தும் ஸ்டூடியோ என்றால் கதவு குறுகிவிடும்.

பிரச்சினை வந்தால்

“விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பலர் திரும்பிவிடுகிறார்கள். அந்த வரி சட்டத்துக்கு மேலானதல்ல. பில் தராததும், பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு ஏதும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் 2(47) பிரிவின்படி முறையற்ற வணிக நடைமுறை.

இணையத்தில் வாங்கியிருந்தால் 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அந்தத் தளம் உங்கள் புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். “இன்னும் 2 மட்டுமே மீதம், சீக்கிரம்!” என்று பொய் அவசரம் காட்டுவதும், கேட்காத பையையும் காப்பீட்டையும் கூடையில் நுழைப்பதும் 2023-ம் ஆண்டின் வழிகாட்டுதல்களில் தடை செய்யப்பட்டவை.

படிப்படியாகப் போங்கள். முதலில் கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார், மின்னஞ்சலாக இருந்தாலும் சரி. பலனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளை அது விசாரிக்கும். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. குறை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். பழுதை நிரூபிக்கத் தேவைப்பட்டால் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும்.

கடை சென்னையில் இருந்தாலும், ஆன்லைன் விற்பனையாளர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் அங்கே ஓட வேண்டாம். புகார்தாரர் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. வள்ளூர்க்காரருக்கு அது திருவள்ளூர் ஆணையம். ஒரே மாவட்டம்தான், ஆனால் மீஞ்சூர் இருப்பது கும்மிடிப்பூண்டி ரயில் பாதையில், திருவள்ளூர் இருப்பது அரக்கோணம் பாதையில். பேசின் பிரிட்ஜ் வரை போய் மாறி வரவேண்டிய அலைச்சல். அதனால் 2025-ல் தொடங்கிய ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடுங்கள்.

நாளை நீங்களே எதிர்மனுதாரர்

கேமராவை வாங்கும் கடையில் நுகர்வோராக இருக்கும் நீங்கள், மண்டபத்துக்குள் நுழைந்ததும் சேவை தருபவர் ஆகிவிடுகிறீர்கள். முன்பணம் வாங்கிவிட்டு வீடியோவைத் தொலைத்தால், மணமக்கள் அதே ஆணையத்தில் உங்கள் மேல் சேவைக் குறைபாட்டு வழக்குப் போடலாம். “கார்டு கெட்டுப்போச்சுண்ணே” என்பது அங்கே போதுமான பதிலாகாது. கல்யாண வேலைக்கு இரண்டு கார்டு போடும் கேமரா ஆடம்பரமல்ல என்று சொல்வது இதனால்தான். மேலே சொன்ன மூன்று தொடக்க மாடல்களிலும் ஒரே கார்டு இடம்தான். இரண்டு இடம் இருக்கும் கேமராவிலும், ஒரே நேரத்தில் இரண்டிலும் வீடியோ பதிவாகுமா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன வீடியோவின் முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே என்கிறது 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு. கல்யாணப் பெண் அழுவதை ரீல்ஸாகப் போட்டு ஆர்டர் பிடிக்க நினைத்தால், முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தேதி, மணி நேரம், எத்தனை கேமரா, எப்போது டெலிவரி, வெளியிடச் சம்மதம் உண்டா என்று ஐந்து வரி எழுதிய ஒரு தாள் இரு தரப்பையும் காக்கும்.

கடைசியாக ஒன்று. இப்போது பல கடைகளில் தரும் பில் வெப்பத்தில் அச்சாகும் தாள். பர்ஸில் மடித்து வைத்தால் சில மாதங்களில் வெளுத்து, வாரண்டிக் காலம் முடிவதற்குள் வெற்றுத் தாளாகிவிடும். புதுக் கேமராவில் எல்லோரும் முதலில் சாமி படத்தை எடுப்பார்கள். நீங்கள் எடுங்கள், தப்பில்லை. அதற்கு அடுத்த படமாக அந்த பில்லை எடுத்து, சீரியல் எண் தெளிவாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.