பாறைக்குப் பெயர் சூட்டுவது எப்படி?

பாறைக்குப் பெயர் வைக்க யாருக்கு உரிமை என்று கல்லூரி மாணவி ஒருவர் கடிதத்தில் கேட்டிருக்கிறார். யாருக்கும் உண்டு, நிபந்தனைகள்தான் கடுமை. ஓர் அடுக்கைத் தனி 'ஃபார்மேஷன்' என்று அறிவிக்க, அதன் கல்லே மேலும் கீழும் உள்ளவற்றிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும். நிலப்படத்தில் குறிக்குமளவு பரந்திருக்க வேண்டும். பக்கத்து மலை, ஆறு, ஊர் எதன் பெயரையாவது சூட்டலாம். வேறு பாறைக்கு ஏற்கெனவே வைத்ததாக இருக்கக் கூடாது. அடுக்குகள் வரிசையாகத் தெரியும் ஓர் இடத்தை மாதிரியாகக் காட்டி, விவரங்களை அச்சில் வெளியிட வேண்டும். பாறையின் வயது இந்த நிபந்தனைகளில் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த விநோதம் அதில்தான் பிறக்கிறது.

கனடாவின் ராக்கி மலைத்தொடரில் சார்லஸ் வால்காட் 1908இல் 'ஸ்டீபன் ஃபார்மேஷன்' என்று ஒரு கேம்பிரியன் அடுக்குக்குப் பெயரிட்டார். மறு ஆண்டே, மென்னுடல் உயிரினங்களின் அழியாத தடங்களை அங்குள்ள களிப்பாறையில் கண்டார். பக்கத்து மலையின் பெயரால் அது பர்ஜஸ் ஷேல் ஆனது. ஆனாலும் வெகுகாலம் ஸ்டீபனின் ஒரு பகுதியாகவே எண்ணப்பட்டது.

ஏறத்தாழ 50.8 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடி. சுண்ணாம்புக்கல் மேடை ஒன்று செங்குத்துச் சுவராக முடிந்து, அதன் அடியில் ஆழ்கடல் தொடங்கியது. எங்கள் ஊர்க் குளத்தில் வெள்ளம் வடிந்ததும் மேல்படியில் விரல்கடை வண்டலும் அடிப்படியில் முழங்கால் அளவு சேறும் கிடக்கும். அங்கும் அப்படித்தான்: மேடைமேல் மெல்லிய அடுக்கு, சுவரின் காலடியில் பல மடங்கு தடித்த சேறு. இரண்டும் ஒரே காலத்தவை, கல்லோ வேறு. 1998இல் டெரன்ஸ் ஃபிளெட்சரும் டெஸ்மண்ட் காலின்ஸும் அடிவாரத்துப் பாறையைப் பிரித்து, பத்து உட்பிரிவுகளோடு 'பர்ஜஸ் ஷேல் ஃபார்மேஷன்' என்று முறைப்படி நிறுவினார்கள். புகழ்பெற்ற புதைபடிவங்கள் கிடைத்த பிரிவுக்கு வால்காட்டின் குவாரியே பெயர் தந்தது. உலகமே அறிந்த பாறை தன் முறையான இடத்தைப் பெற ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன!

வால்காட் குவாரிக்கு இன்று வழிகாட்டியோடு மட்டுமே போகலாம். ஒரு சில்லுக் கல்லை எடுத்தாலும் குற்றம். நம் பெரம்பலூர் மாவட்டத்துக் காரையும் ஒரு ஃபார்மேஷனுக்குப் பெயர் கொடுத்த ஊர். அந்தப் பாறை கேம்பிரியனைவிட மிக இளையது, கிரெட்டேசியஸ் காலக் கடலின் மிச்சம். அங்கே அம்மோனைட்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கையில் மனம் பதைக்கிறது. எந்த அடுக்கில் கிடைத்தது என்று குறிக்காமல் எடுத்த புதைபடிவம் ஆய்வுக்கு அநேகமாக உதவாது. காரைக்கும் வேலி வேண்டும், காவலாள் வேண்டும், வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி வேண்டும்.