முகப் பொலிவு: நிலைக்கும் பயன் எது?

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. இன்றோ முகத்தின் அழகுக்கென்றே தனி நிலையங்கள் தோன்றிவிட்டன. மாநகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்க் கடைவீதிகளிலும் அவற்றின் பெயர்ப் பலகைகளைக் காண்கிறோம். திருமண ஓலை வாசிக்கப்படும் மூன்று ஞாயிறுகளுக்குள் மணப்பெண்ணை அங்கு அழைத்துச் செல்வது நம் குடும்பங்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. இதனை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்குவோர் உளர். மாதந்தோறும் ஃபேஷியல் செய்துகொண்டால் முதுமை அணுகாது என்று நம்புவோரும் உளர். இரண்டும் மிகையே. உண்மை எதுவெனச் சற்று ஆராய்வோம்.

தோலின் இயல்பு

நம் தோலின் மேலடுக்கு ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அடியில் பிறக்கும் உயிரணுக்கள் மெல்ல மேலேறி, உலர்ந்து, கண்ணுக்குப் புலப்படாத செதில்களாய் உதிர்கின்றன. இளமையில் இதற்கு ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். வயது ஏற ஏற இக்காலம் நீளும். மாதம் ஒரு முறை என்னும் வழக்கத்திற்கு அழகுக்கலைஞர் கூறும் காரணம் இதுவே.

முறையாகப் பயின்றவர் முதலில் முகத்தைத் தூய்மை செய்து, உதிரவேண்டிய செதில்களை மென்மையாகத் தேய்த்து நீக்குகிறார். நீராவியால் அழுக்கு இளகியபின் கரும்புள்ளிகளை எடுக்கிறார். பிறகு முகத்தைப் பிடித்துவிட்டு, ஈரப்பதம் காக்கும் பூச்சை இடுகிறார். இரத்த ஓட்டம் மிகுந்து முகம் மலர்கிறது, மனமும் இளைப்பாறுகிறது. ஓய்வறியாத இல்லத்தரசி ஒருத்திக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைப்பதை நாம் குறைகூறோம்.

ஆனால் அம்மலர்ச்சி சில நாள்களில் அடங்கிவிடும். எடுத்த கரும்புள்ளிகளும் சில வாரங்களில் திரும்பிவரும். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் ஆழ்ந்த அடுக்கில் இருக்கிறது. முகத்தைப் பிடித்துவிடுவதால் அது நிலையாகப் பெருகும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

அங்ஙனமாயின் நீடித்த பயனே இல்லையா? உண்டு. அடைபடும் இயல்புடைய தோல், முறையான கவனிப்பால் தொடர்ந்து தெளிவாக இருக்கும். மாதந்தோறும் ஒரே முகத்தைக் காணும் பயின்ற கண், புதிதாய்த் தோன்றிய மச்சத்தையோ, ஆறாத புண்ணையோ கண்டு, "மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று சொல்ல இயலும். யாவற்றினும் மேலாக, அன்றாடம் வீட்டில் செய்யவேண்டிய எளிய பழக்கங்களை அங்குக் கற்றுக்கொள்ளலாம். மாதத்தில் ஒரு மணி நேரத்தைவிட எஞ்சிய நாள்களே முகத்தின் நிலையைத் தீர்மானிக்கின்றன.

வெயிலே முதற் பகை

2012ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் ஒரு முதியவரின் படம் வெளிவந்தது. அவருக்கு வயது 69. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டியவர். சன்னலை ஒட்டியிருந்த இடக்கன்னம் ஆழ்ந்த சுருக்கங்களுடன் தொங்கியது. வலக்கன்னமோ பல ஆண்டு இளமையாய்த் தோன்றியது. கண்ணாடியையும் ஊடுருவவல்ல புற ஊதாக் கதிர்கள் செய்த வேலை அது.

ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்னும் ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2013இல் வெளியாயிற்று. நாள்தோறும் வெயில் காப்புக் களிம்பு பூசியவர்களுக்கு, நாலரை ஆண்டுகளில் தோல் முதிர்ச்சி மற்றவர்களைவிட 24 விழுக்காடு குறைவாயிருந்தது. நம் கருந்தோலுக்கு இயற்கையே ஓரளவு காப்பு அளித்துள்ளது. ஆயினும் நம் பெண்களை வருத்தும் மங்கு வெயிலால் மிகும். எனவே குடையும், முந்தானையும், வெயில் காப்புக் களிம்பும் நிலைத்த பயன் தருவன. புகையிலையை விடுவதும் அவ்வாறே.

வெண்மை என்னும் வலை

நாம் அஞ்சுவது ஃபேஷியலைக் கண்டன்று. அதனோடு சேர்ந்து வரும் "நிறமாக்கும்" களிம்புகளைக் கண்டே. நம் நாட்டில் 1975இல் விற்பனைக்கு வந்த புகழ்பெற்ற களிம்பு ஒன்று, 2020இல் தன் பெயரிலிருந்து "வெண்மை" குறிக்கும் சொல்லை நீக்கிக்கொண்டது. பெயர் மாறினும் நம் இல்லங்களில் ஆசை மாறவில்லை.

பெயர் தெரியாத சில களிம்புகளில் பாதரசம் கலந்திருக்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை சிறுநீரக நோயுடன் வந்தவர்களை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, அவர்களுள் ஒரு பிரிவினர் பெரும்பாலும் நிறமாக்கும் களிம்பு பூசியவர்கள் என்று கண்டனர். சிறுநீரில் புரதம் கழிவதும் காலில் வீக்கமும் இந்நோயின் அறிகுறிகள். களிம்பை நிறுத்தியபின் பலருக்கு நோய் தணிந்தது. முகத்தில் பூசியது சிறுநீரகத்தைத் தாக்கும் என்று யார் எண்ணுவர்?

வேறு சில களிம்புகளில் ஸ்டீராய்டு உண்டு. தொடக்கத்தில் முகம் பளிச்சிடும். நாளடைவில் தோல் மெலிந்து, சிவந்து, முடி முளைக்கும். நிறுத்தினாலோ எரிச்சல் பெருகும். மருத்துவர் சீட்டின்றி இத்தகைய களிம்புகளை விற்கலாகாது என்று 2018இல் நடுவண் அரசு விதியை இறுக்கியது. இருந்தும் அண்டை வீட்டார் சொன்னார் என்று வாங்கிப் பூசுவோர் உளர்.

ஊசி கொண்டு செய்யும் முறைகளில் இன்னும் கருத்து வேண்டும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமமற்ற நிலையமொன்றில், இரத்தம் எடுத்து முகத்தில் செலுத்தும் முறையால் பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது 2018இல் தெரியவந்த செய்தி. ஊசி ஏந்துவது மருத்துவரின் வேலை.

பெற்றோருக்கு ஒரு சொல்

அழகுக்கலை பயின்று உழைத்து வாழும் பெண்கள் பலர் நம் பங்குகளிலும் இருக்கின்றனர். தூய துண்டு, கழுவிய கை, கிருமி நீக்கிய கருவி, முத்திரை உடையாத புட்டி ஆகியவற்றைக் கண்டு நல்லவரைத் தேர்க. உள்ளடங்கிய பொருள்களின் பெயர் அச்சிடப்படாத களிம்பு எதையும் ஏற்காதீர். சீழ்கொண்ட பருக்கள் இருப்பின் முதலில் தோல் மருத்துவரை நாடுக. திருமணத்திற்கு முந்தின நாளில் புதிய முறை எதையும் முயலாதிருத்தல் நன்று. ஒவ்வாமையால் முகம் வீங்கின் ஆறுவதற்கு நாள் வேண்டும்.

இன்னுமொன்று. "பெண் சற்று நிறம் குறைவு" என்று பெண் பார்க்க வந்தோர் சொல்லும்போது தந்தையும் தாயும் தலைகுனிகின்றனர். அன்று இரவே மகள் களிம்புப் புட்டியைத் தேடுகிறாள். கறுப்பு நோயன்று, அதற்கு மருந்தும் வேண்டா. தன் முகம் தன் வீட்டாருக்குப் போதும் என்னும் உறுதியோடு வளர்ந்த பெண், ஃபேஷியல் செய்துகொண்டாலும் நலமே, செய்துகொள்ளாவிடினும் நலமே. அவ்வுறுதியைத் தருவது பெற்றோரின் கடமை.