தழும்பும் சாட்சி சொல்லும்

உயிருக்கு அஞ்சித் தாய்நாட்டைவிட்டு ஓடுபவன் சாட்சிகளை உடனழைத்துக்கொண்டு ஓடுவதில்லை. தன்னைத் துன்புறுத்தியவர்களிடமே அத்தாட்சிப் பத்திரம் கேட்டு வாங்கவும் அவனால் இயலாது. அந்நிய மண்ணில் புகலிடம் கேட்டு நிற்கையில் பெரும்பாலும் அவனிடம் எஞ்சியிருப்பவை இரண்டே: அவன் வாய்ச்சொல்; அவன் உடல். இவற்றை எந்தத் தராசில் நிறுப்பது?

1987-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, அந்நாளைய உச்ச நீதிமன்றம் என்ற நிலையில், இதற்கு இரு நெறிகளை வகுத்தது. ஒருவரது உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய அரசு முடிவை நீதிமன்றம் மிகுந்த கவலையோடு துருவி ஆராய வேண்டும் என்பது ஒன்று. தாயகம் திரும்பினால் கொடுமை நேரும் என உறுதியாக மெய்ப்பிக்கத் தேவையில்லை, அதற்கு நியாயமான வாய்ப்பு இருப்பதே போதும் என்பது மற்றொன்று. இரண்டாவது நெறி இலங்கைத் தமிழர் சிலரின் வழக்கிலே பிறந்தது. அவர்கள் தோற்றனர்; நெறி நிலைத்தது.

பின்னாளில் மற்றோர் இலங்கைத் தமிழரின் வழக்கு எழுந்தது. சிறைக்காவலில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டார்கள் என்றார் அவர். முதுகிலும் வலக்கையிலும் தழும்புகள் இருந்தன. அவர் சொன்ன வரலாற்றோடு அவை பொருந்துகின்றன என்று மருத்துவர் எழுதினார். தீர்ப்பாயமோ அவர் கூற்றில் குறைகளைக் கண்டு, புகலிடம் பெறுவதற்காகத் தாமே பிறரைக் கொண்டு சூடு வைத்துக்கொண்டிருக்கலாம் என முடிவு செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் பெரும்பான்மையினர் அதையே ஏற்றனர்.

2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ஒருமனதாக நீக்கிற்று. தன் உடலைப் பிறர் கையால் இவ்வாறு சுடுவித்துக்கொள்வோர் மிக மிக அரியர். அந்த அருமைக்கு உரிய எடை தரப்படவில்லை என்றது. காயம் எவ்வாறு உண்டாயிற்று என்பதோடு நில்லாமல், அவர் கூறும் சூழ்நிலையோடு அது பொருந்துகிறதா என்று சொல்லவும் மருத்துவருக்கு உரிமை உண்டு என்றும் தெளிவாக்கிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "இவர் சொல்வது மெய்" என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கவில்லை. நிறுத்த முறை தவறு என்று கூறி, மீண்டும் நிறுக்குமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. மேல் நீதிமன்றத்தின் பணி இதுவே.

2022-இல் இயற்றிய சட்டத்தால் பிரிட்டன் தன் தராசை ஓரளவு கடுமையாக்கியது. அவ்வாண்டு ஜூன் 28 முதல் செய்யப்படும் கோரிக்கைகளில், விண்ணப்பிப்பவர் உண்மையிலேயே அஞ்சுகிறாரா என்பது, பொய்யினும் மெய்யாயிருக்கவே வாய்ப்பு மிகுதி என்னும் அளவுக்கு நிறுவப்பட வேண்டும். திரும்பினால் நேரும் ஆபத்துக்கோ பழைய அளவே நீடிக்கிறது. தராசு எதுவாயினும், தட்டில் வைக்க வேண்டிய சான்றை வெளியே விட்டுவிட்டு நிறுத்தல் நீதியாகாது.

பொய் சொல்வோரும் உலகில் உண்டு. ஆகவே நடுவர் ஐயுறுதல் தவறன்று. நம் அப்போஸ்தலராகிய தோமையாரும் ஐயுற்றார். ஆண்டவர் அவரைத் தள்ளிவிடாமல் தம் காயங்களைக் காட்டினார். கண்ட தோமையார் விசுவசித்தார். எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தைப் போற்றும் நாம், அடைக்கலம் தேடி வருவோரைப் பொய்யரென்று எளிதில் பேசிவிடலாமா? தீர்ப்புக் கூறுமுன் காயத்தை உற்று நோக்குவோம்.