பழைய வண்டியை விற்பதற்கு முன்

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் போகிறவர்கள் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்திருப்பார்கள். வெறும் அடிச்சட்டமாக நுழையும் வண்டி, தகடும் வர்ணமும் பெற்று மணப்பெண்ணைப் போல் வெளியே வருகிறது. அத்தகைய கைகளுக்கு ஒரு பழைய சீமை மோட்டாரைப் புதுப்பிப்பது பிரமாதமான காரியமல்ல. விற்கப் போகும்போதுதான் வினை.

ஆஸ்டின் ஸெவன் என்னும் சிறு வண்டியை உதாரணமாகக் கொள்வோம். பர்மிங்ஹாமை அடுத்த லாங்பிரிட்ஜில் 1922 முதல் 1939 வரை உற்பத்தியானது. பெரும்பாலானவற்றில் 747 ஸி.ஸி. இஞ்சின். கித்தான் கூரையை மடக்கித் திறந்து ஓட்டும் ரகமும் அதில் உண்டு. துருவேறிய பாடியை எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டி, டீஸல் இஞ்சினும் மாட்டினால் வண்டி ஜோராக ஓடும். ஆனால் 2021-ல் மத்திய சர்க்கார் செய்த விதிப்படி, ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்டு, அடிச்சட்டமும் பாடியும் இஞ்சினும் மாறாதிருக்கும் வண்டிக்கே 'வி.ஏ.' என்ற தனிப் பதிவு கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். ஆகவே பட்டறைக்காரரின் உற்சாகத்தை அடக்குவதே சொந்தக்காரரின் முதல் வேலை.

திறந்த வண்டி என்றதும் மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடலாமென்று நம்மவர்கள் கணக்குப் போடுவார்கள். அந்தப் பதிவுள்ள வண்டியை வாடகைக்கும் விடக்கூடாது, தினசரியும் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் அணிவகுப்பு, ஆராய்ச்சி, பழுதுபார்த்தல், பெட்ரோல் போடுதல் ஆகியவற்றுக்கே சாலைக்கு வரலாம். இதைச் சொல்லாமல் நல்ல விலை பெறுவது, சுழியை மறைத்து மாடு விற்பதற்குச் சமானம்.

சீமைச் சரக்கின்மேல் இத்தனை கரிசனம் எதற்கு என்று சில நேயர்கள் கேட்கலாம். இரும்புதான் சீமையுடையது, இத்தனை காலம் அதை ஓட வைத்த கை நம்முடையது. எந்த உறுப்பு பழையது, எது மாற்றியது என்று நோட்டில் எழுதி, கழற்றிய சாமான்களையும் கோணியில் கட்டி வண்டியோடு கொடுத்துவிட வேண்டும் என்கிறோம். கிரயம் முடிந்தபின் விற்றவரும் வாங்கியவரும் 90 நாட்களுக்குள் போக்குவரத்து அதிகாரிகளுக்குத் தெரிவித்துவிட வேண்டும்.